புதுப்பித்த ஜாகுவார் விற்பனைக்கு: கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது?

பிரிட்டனில் பழைய கார்களை விற்பவர்களின் அறிவிப்புகளைப் பார்த்தால், ஒரு விளம்பரம் தவறாமல் கண்ணில் படும். ஜாகுவார் மார்க் 2, 1960களின் தொடக்கத்தில் தயாரானது, 3.8 லிட்டர் என்ஜின், மேனுவல் கியர், கம்பிச் சக்கரங்கள், தோல் இருக்கைகள், முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. கூடவே இருபது, முப்பது படங்கள் இருக்கும். எல்லாப் படத்திலும் கார் கண்ணாடிபோல் மின்னும்.

குழப்புவது விலைதான். அதே ஆண்டு, அதே நிறம், அதே என்ஜின் கொண்ட இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் விற்பனைக்கு வரும். ஒன்றின் விலை மற்றதைவிட இரண்டு மடங்காக இருக்கும். படத்தில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. விலை குறைந்ததை வாங்கியவர் தமக்கு அதிர்ஷ்டம் அடித்ததாக நினைப்பார். ஓராண்டு கழித்து, கதவுக்கு அடியில் சாயம் கொப்பளித்து எழும்பும்போதுதான் மற்றவர் ஏன் அவ்வளவு கேட்டார் என்பது புரியும். அதற்குள் கையிலிருந்த சேமிப்பு கரைந்திருக்கும்.

‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்கு அந்த வியாபாரத்தில் திட்டவட்டமான அளவுகோல் எதுவும் இல்லை. காரை ஆணி ஆணியாகக் கழற்றி, வெறும் தகடாக்கி, துருப்பிடித்த இடமெல்லாம் வெட்டி எறிந்து, புதுத் தகடு பற்றவைத்து மீண்டும் பூட்டியவரும் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார். துருவின் மேல் பட்டி பூசி, தேய்த்து, சாயம் அடித்தவரும் அதையேதான் எழுதுகிறார். கோயில் திருப்பணியிலும் இதே கதை உண்டு. விரிசல் கண்ட விமானத்தைச் செப்பனிட்டு வர்ணம் தீட்டுவதும் திருப்பணிதான், விரிசலை மறைத்து வர்ணம் தீட்டுவதும் திருப்பணிதான். முதல் மழை வரும்வரை இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

இந்தக் காருக்கு ஏன் இத்தனை மவுசு?

ஜாகுவாரின் கதை காரில் தொடங்கவில்லை. 1922இல் பிளாக்பூல் நகரில் வில்லியம் லயன்ஸ் என்ற இளைஞரும் அவருடைய கூட்டாளி வில்லியம் வால்ம்ஸ்லியும் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு மற்றவர்களின் கார்களுக்கு அழகான உடல் கட்டிக் கொடுத்தார்கள். 1928இல் தொழில் கோவென்ட்ரிக்கு இடம்பெயர்ந்தது. எஸ்.எஸ். என்ற பெயரில் சொந்தமாகக் கார்கள் வரத் தொடங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த இரண்டு எழுத்துகளை யாரும் விரும்பவில்லை. ஹிட்லரின் படைப்பிரிவுக்கும் அதே எழுத்துகள்தாம். 1945இல் நிறுவனத்தின் பெயரே ஜாகுவார் ஆனது.

போர்க் காலத்தில் கோவென்ட்ரி கடுமையாகக் குண்டுவீச்சுக்கு ஆளான நகரம். எங்காவது தீப்பிடித்தால் அணைப்பதற்காகத் தொழிற்சாலையில் இரவுக் காவல் போடுவார்கள். லயன்ஸும் அவருடைய பொறியாளர்கள் வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோரும் அந்தக் காவல் இரவுகளில்தான், போர் முடிந்ததும் செய்ய வேண்டிய என்ஜினைப் பற்றிப் பேசித் திட்டமிட்டார்கள். அந்த என்ஜின் 1948இல் எக்ஸ்.கே. 120 என்ற இரு இருக்கைக் காரில் வெளிவந்தது. வரிசையாக ஆறு சிலிண்டர்கள், இரும்பு பிளாக், அலுமினியத் தலை, அதன் மேல் இரண்டு கேம் ஷாஃப்ட். அன்று இத்தகைய அமைப்பு பெரும்பாலும் பந்தயக் கார்களுக்கும் மிக விலை உயர்ந்த கார்களுக்கும்தான் இருந்தது. பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951க்கும் 1957க்கும் இடையே ஜாகுவார் ஐந்து முறை வென்றதும் இதே குடும்பத்து என்ஜினால்தான்.

1959 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் மார்க் 2 அறிமுகமானது. நான்கு கதவுகள், ஐந்து பேர் அமரும் இடம், வால்நட் மரப் பலகையில் பதித்த மீட்டர்கள், முன் இருக்கைகளின் முதுகில் மடக்கி விரிக்கும் சிறு மேசைகள். பார்த்தால் ஒரு வழக்கறிஞரோ டாக்டரோ குடும்பத்தோடு போகும் கார். முன்மூடியைத் திறந்தால் உள்ளே லெ மான் பந்தயத்தில் வென்ற குடும்பத்து என்ஜின். ‘ஸ்போர்ட்ஸ் சலூன்’ என்று இதைத்தான் அழைத்தார்கள்.

2.4, 3.4, 3.8 லிட்டர் என மூன்று அளவுகளில் என்ஜின் கிடைத்தது. 3.8இன் சக்தி 220 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ ஒன்றரை டன் எடை கொண்ட குடும்பக் கார் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது. அதை நிறுத்த நான்கு சக்கரங்களிலும் டன்லப் டிஸ்க் பிரேக் இருந்தது. பல கார்கள் அன்று இன்னும் டிரம் பிரேக்கோடு ஓடிக்கொண்டிருந்தன. மார்க் 2 வந்த அதே இலையுதிர் காலத்தில்தான் பிரிட்டனின் எம்1 நெடுஞ்சாலையும் திறந்தது. அப்போது அதில் வேகக் கட்டுப்பாடே கிடையாது.

இதனால் நெடுஞ்சாலைக் காவல் துறை மார்க் 2வை வாங்கியது. வங்கிக் கொள்ளையர்களுக்கும் அதே கார்தான் பிடித்தது. துரத்துபவரும் ஓடுபவரும் ஒரே காரில் என்ற இந்தப் புகழ் ஜாகுவாருக்கு எந்த விளம்பரமும் வாங்கித் தந்திருக்க முடியாதது. பந்தயங்களிலும் அது சளைக்கவில்லை. பிரான்ஸைச் சுற்றி வரும் டூர் டி பிரான்ஸ் கார் பந்தயத்தில் பெர்னார்ட் கான்ஸ்டன் 1960 முதல் 1963 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஜாகுவாரில் தம் பிரிவை வென்றார்.

எல்லா வகையும் சேர்த்து 83 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மார்க் 2 கார்கள் தயாராயின. ஆக, இது அரிய கார் அல்ல. அரிதானது உள்ளும் புறமும் நல்ல நிலையில் இருக்கும் மார்க் 2.

மதிப்பிழந்த காலம்

1968இல் எக்ஸ்.ஜே.6 வந்தது. அதன் பக்கத்தில் மார்க் 2 திடீரெனக் கிழடாகத் தெரிந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும், பெட்ரோலைக் குடிக்கும் பழைய ஜாகுவாரைச் சீந்துவார் இல்லை. அடிமாட்டு விலைக்குக் கை மாறியது. வேண்டுமென்றே மோதி நொறுக்கும் மண்தரைப் பந்தயங்களுக்குக்கூட மார்க் 2க்களை ஓட்டிப் போய் அழித்தார்கள். அந்தக் காலத்து உரிமையாளர்களுக்குக் காரைப் பராமரிக்கப் பணமும் இல்லை, காரணமும் இல்லை. துரு விழுந்த இடத்தில் ஒரு தகட்டுத் துண்டை வைத்துப் பற்றவைத்து அந்த ஆண்டுச் சோதனையைத் தாண்டினால் போதும் என்றிருந்தார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. 1987இல் ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் துப்புத் துலக்கும் மோர்ஸ் கருஞ்சிவப்பு மார்க் 2 ஓட்டினார். காலின் டெக்ஸ்டர் எழுதிய தொடக்க நாவல்களில் மோர்ஸின் கார் லான்சியா. தொலைக்காட்சியில்தான் அது ஜாகுவார் ஆனது. அதே 1980களின் இறுதியில் பிரிட்டனில் பழைய கார்களின் விலை வெறிபிடித்ததுபோல் ஏறியது. வீட்டுக் கொட்டகையில் கிடந்த துருப்பிடித்த மார்க் 2க்களை எல்லாம் வெளியே இழுத்து, அவசர அவசரமாகச் சாயம் பூசி விற்றார்கள். 1990களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது அந்த அவசர வேலைகள் அப்படியே பாதியில் நின்றன.

விளம்பரத்தைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. புதுப்பித்தலுக்கும் வயது உண்டு. 1989இல் புதுப்பித்த காரை இன்றும் ‘புதுப்பித்த கார்’ என்றே விற்கிறார்கள். கார் புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்து புதுப்பிக்கப்படும்வரை ஓடிய காலத்தைவிட, புதுப்பித்த பின் கடந்த காலம் நீளமாகிவிட்டது. எப்போது, எந்தப் பட்டறையில், எந்தெந்த வேலை என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

துரு குடியிருக்கும் இடங்கள்

பழைய லோரிகளுக்கு அடியில் கனமான சேசிஸ் ஒன்று இருக்கும். உடல் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். உடல் துருப்பிடித்தாலும் சேசிஸ் தாங்கும். மார்க் 2 அப்படியில்லை. அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தகடுகளை மடித்துப் பெட்டிபோல் ஆக்கி, ஒன்றோடொன்று பற்றவைத்த உடல்தான் காரைத் தாங்குகிறது. ஆகவே துரு என்பது இங்கே அழகுப் பிரச்சினை அல்ல. கட்டடத்தின் தூண் உளுத்துப்போவதைப் போன்றது.

அந்தப் பெட்டிகள் உள்ளே வெற்றிடமானவை. சக்கரம் வாரியடிக்கும் சேறு உள்ளே போய்த் தங்கும். பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பும் சேற்றோடு சேரும். அந்தக் காலத்தில் துருத் தடுப்புப் பூச்சு மிகக் குறைவு. எனவே கார் உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளித் தகட்டில் கொப்புளம் தெரியும் நாளில் உள்தகடு போய்ப் பல காலம் ஆகியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது கதவுகளுக்கு அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெட்டிச் சட்டம். காரின் நடுப்பகுதி வளையாமல் காப்பது அதுதான். முறையாகச் செய்பவர் கார் உடலுக்குள் தற்காலிகக் கம்பி முட்டுகள் கொடுத்து, பழைய சட்டத்தை உள்ளும் வெளியுமாக வெட்டி எடுத்துப் புதியதைப் பற்றவைப்பார். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதே தொய்வோடு புதுச் சட்டம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கதவு ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. இன்னும் மோசமான வேலை, உளுத்த சட்டத்தின் மேலேயே ஒரு புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைப்பது. வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே துரு நிம்மதியாக வளரும்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை கண்ணால் அளந்தால் போதும். மேலே விரல் நுழைகிறது, கீழே முட்டுகிறது என்றால் கதை வேறு. காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்திக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கலாம். தரையில் இருக்கும்போது எளிதாக மூடிய கதவு, தூக்கியபின் உரசினால் நடுப்பகுதி வலுவிழந்திருக்கிறது என்று பொருள். ஜாக்கி வைக்கும் இடமே நொறுங்கினால் அதற்கு மேல் சோதனை தேவையில்லை.

அடுத்தது பின்பக்கம். மார்க் 2இன் பின் அச்சைத் தாங்கும் பட்டை வில்கள் காரின் தரைக்கு அடியிலுள்ள பெட்டிகளில் செருகப்பட்டவை. அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்க, பனார்ட் தண்டு என்ற இரும்புத் தண்டு ஒன்று குறுக்கே ஓடும். அந்தத் தண்டு உடலோடு சேரும் இடம் துருவுக்குப் பேர்போனது. அது பிய்த்துக்கொண்டால் வளைவில் காரின் பின்புறம் தன்னிஷ்டத்துக்கு அலையும். 200 கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த காரில் இது விளையாட்டல்ல. முன்பக்கத்திலும், சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம் உடலோடு இணையும் இடங்களைக் கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். உதிரிச் சக்கரம் வைக்கும் குழியில் தண்ணீர் தேங்கி ஓட்டை விழுவது மிகச் சாதாரணம். கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவுகள், முன்விளக்கைச் சுற்றிய பகுதி ஆகியவையும் துருவுக்குப் பிடித்தமானவை.

காந்தத்தை ஓட்டிப் பார்க்கும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு. தகட்டில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. மார்க் 2இல் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தொழிற்சாலையிலேயே தகடுகள் சேரும் இடங்களை ஈயம் உருக்கி நிரப்பிச் சமன் செய்தார்கள். நல்ல பட்டறைகள் இன்றும் அப்படியே செய்கின்றன. ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. ஆகவே இணைப்பு இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. கதவின் நடுவிலோ அடிவிளிம்பிலோ ஒட்டவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

மார்க் 2வை அடிமுதல் முடிவரை ஒழுங்காகப் புதுப்பிக்க ஆயிரம் மணி நேர உழைப்பைத் தாண்டுவது அதிசயம் அல்ல. ஒரு மணி நேரக் கூலி 60 பவுண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் கூலி மட்டும் 60,000 பவுண்டு. ஒரு பவுண்டு ஐந்து ரிங்கிட்டுக்கும் மேல் என்பதைச் சேர்த்துப் பெருக்கினால் தலை சுற்றும். இதற்கு மேல்தான் உதிரிப் பொருள்கள், தோல், மரப் பலகை மெருகு. குரோம் பூச்சு தனிச் செலவு. பம்பரும் சன்னல் சட்டங்களும் ஏராளமான குரோம் கொண்டவை. துத்தநாகக் கலவையில் வார்த்த சிறு பாகங்களில் குழி விழுந்துவிட்டால், அவற்றைச் சமன்செய்து மறுபடி பூசுவது பொறுமையும் பணமும் தின்னும் வேலை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. துருவுக்கு என்ஜின் அளவு தெரியாது. 2.4 லிட்டர் காரின் பெட்டிச் சட்டத்தை மாற்ற ஆகும் செலவும் 3.8 காருக்கு ஆகும் செலவும் ஒன்றுதான். ஆனால் விற்கும்போது ஓவர்டிரைவ், மேனுவல் கியர், கம்பிச் சக்கரம் கொண்ட 3.8 உச்ச விலைக்குப் போகும். ஆட்டோமேட்டிக் அதைவிடக் குறைவு, 2.4 இன்னும் குறைவு. எனவே 2.4 காருக்கு முழுச் செலவு செய்தவர் போட்ட பணத்தை எடுப்பது கடினம். 3.8 காரிலேயேகூடப் பல உரிமையாளர்கள் செலவழித்த தொகையைவிடக் குறைவாகத்தான் விற்கிறார்கள்.

வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் சற்று எதிர்மறையாகத் தோன்றும். மலிவான ஓட்டைக் காரை வாங்கிச் சிறுகச் சிறுகச் சரி செய்வதுதான் மிக விலை உயர்ந்த வழி. இன்னொருவர் பணத்தையும் ஆண்டுகளையும் கொட்டி முடித்த காரை, ஆதாரங்களோடு, நியாயமான விலைக்கு வாங்குவது பெரும்பாலும் மலிவு. ஆதாரங்களோடு என்பதுதான் முக்கியம். வேலை நடந்தபோது எடுத்த படங்கள், பட்டறைப் பற்றுச்சீட்டுகள், வாங்கிய தகடுகளின் பட்டியல் ஆகியவை ஒரு கோப்பு நிறைய இருக்க வேண்டும். இவ்வளவு செலவு செய்தவர் அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார். கோப்பு இல்லாத காருக்குக் கோப்பு உள்ள காரின் விலையைக் கேட்டால், வாசலைப் பார்த்து நடக்கலாம்.

எண்கள் பேசும்

3.8க்கு விலை அதிகம் என்பதால் 2.4, 3.4 கார்களில் 3.8 என்ஜினைத் தூக்கி வைப்பதும் நடந்திருக்கிறது. என்ஜின்கள் ஒரே குடும்பம் என்பதால் அது பெரிய வேலையல்ல. ஓட்டுவதற்கு அப்படிப்பட்ட கார் இன்பமாகவே இருக்கும். அதை அசல் 3.8 என்று விற்பதுதான் மோசடி.

பிடிக்க வழி இருக்கிறது. வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட 2.4 கார்களின் வரிசை எண் 100001இல் தொடங்கியது, 3.4க்கு 150001, 3.8க்கு 200001. எண்ணோடு ‘டி.என்.’ என்ற எழுத்துகள் இருந்தால் கார் ஓவர்டிரைவோடு பிறந்தது. ‘பி.டபிள்யூ.’ என்றால் போர்க் வார்னர் ஆட்டோமேட்டிக். என்ஜின் எண்ணின் கடைசியில் சாய்கோட்டுக்குப் பின் வரும் 7, 8, 9 என்ற இலக்கம் அழுத்த விகிதத்தைக் குறிக்கும். ஜாகுவார் பாரம்பரிய அறக்கட்டளையிடம் விண்ணப்பித்தால், தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து அந்தக் காரின் அசல் என்ஜின் எண், அசல் நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் கொண்ட சான்றிதழ் கொடுப்பார்கள். காரிலுள்ள எண்ணும் சான்றிதழும் ஒத்துப்போனால் நிம்மதி.

தயாரிப்பு ஆண்டும் சில செய்திகள் சொல்லும். 1966இல் செலவைக் குறைக்க, தோல் இருக்கைக்குப் பதில் ஆம்ப்லா என்ற செயற்கைத் தோல் வழக்கமாயிற்று. 1967இல் 2.4, 3.4 கார்களின் பெயர் 240, 340 என மாறி, பம்பரும் மெலிந்தது. 1967ஆம் ஆண்டுக் கார் தடித்த பம்பரோடும் தோல் இருக்கையோடும் நின்றால் அது குற்றமல்ல. ஆனால் ‘அசல் நிலை’ என்று எழுதியிருந்தால் கேள்வி கேட்கலாம். கில்ட்ஃபோர்ட் நகரின் கூம்ப்ஸ் நிறுவனம் மெருகூட்டி விற்ற சில கார்களுக்குத் தனி விலை உண்டு. அவற்றைப் போலச் செய்த நகல்கள் அசலைவிட அதிகம் என்பதையும் மறக்கலாகாது.

அரசாங்கச் சோதனை காப்பாற்றும் என்று நம்புவதிலும் ஓட்டை இருக்கிறது. 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 ஆண்டைத் தாண்டிய கார்களுக்குப் பிரிட்டனில் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆக, அடிப்பகுதி உளுத்த மார்க் 2 ஒன்று சட்டப்படி சோதனைக்குப் போகாமலே சாலையில் ஓடலாம். உரிமையாளர் விரும்பினால் சோதனைக்குக் கொண்டுபோகத் தடையில்லை. கட்டாயம் இல்லாதபோதும் கொண்டுபோய்த் தேறியவருடைய காரை நம்பக் கூடுதல் காரணம் உண்டு. பழைய சோதனை முடிவுகளைப் பதிவு எண்ணைக் கொடுத்து அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எந்த ஆண்டில் எதற்காகத் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓராண்டு ‘அடிப்பகுதியில் கடும் அரிப்பு’ என்று தோற்று, அடுத்த மாதமே தேறியிருந்தால், அந்த ஒரு மாதத்தில் என்ன வேலை நடந்தது என்று கேட்க வேண்டும்.

என்ஜினைப் பொறுத்தவரை அவ்வளவு பயம் வேண்டாம். இந்த என்ஜின் 1992 வரை தயாரிப்பில் இருந்தது. உதிரிப் பொருள் தட்டுப்பாடு பெரிதாக இல்லை. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைக்காமல், குளிர்ந்த என்ஜினைத் தாமே முடுக்கிப் பார்க்க வேண்டும். சூடான பிறகு 3,000 சுழற்சியில் எண்ணெய் அழுத்த மீட்டர் 40ஐ ஒட்டி நின்றால் ஆரோக்கியம். முன்புறத்தில் கீழ்ச் சங்கிலி கடகடவென்று சத்தம் போட்டால், அதை மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டிவரும். தண்ணீர் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் அலுமினியத் தலைக்கு ஆபத்து. பழைய கியர் பெட்டியில் முதல் கியர் ஊளையிடுவதும், வண்டி முழுதாக நின்றால்தான் அந்தக் கியர் சுகமாக விழுவதும் பழுதல்ல, அதன் பிறவிக் குணம். கைப்பிரேக் சுமாராகத்தான் பிடிக்கும். அது புதிதாக இருந்தபோதும் சுமார்தான்.

மோர்ஸின் கார் சொல்லும் கதை

தொலைக்காட்சியில் மோர்ஸ் ஓட்டிய கார் 3.8 அல்ல, வலுக்குறைந்த 2.4. கம்பிச் சக்கரமும் இல்லை. மேற்கூரையில் வினைல் துணி ஒட்டியிருந்தது. வியாபாரக் கணக்கில் அது மார்க் 2க்களில் மலிவான ரகம். தொடர் 2000இல் முடிந்தது. பின்னர் அந்தக் கார் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றப்பட்டு முழுதாகப் புதுப்பிக்கப்பட்டது. 2005இல் அது ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. அந்தப் பணம் என்ஜினுக்கோ தகட்டுக்கோ கொடுக்கப்பட்டதல்ல. நடிகர் ஜான் தாவ் அமர்ந்த இருக்கைக்குக் கொடுக்கப்பட்டது. இன்று வேறொரு 2.4 காரைக் கருஞ்சிவப்புச் சாயம் பூசி ‘மோர்ஸ் கார் போன்றது’ என்று எழுதினால், அந்த வரிக்கு ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இங்கிருந்து வாங்க நினைத்தால்

தோட்டத் துரைமார் காலத்து மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் கார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் மலேசியாவில் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டீயரிங்கும் அங்கும் இங்கும் வலப்பக்கம்தான். ஆசை எழுவது இயல்பு. ஆனால் காரைப் பார்த்து மயங்குவதற்கு முன் இறக்குமதி அனுமதி, வரி, பதிவு ஆகியவற்றைச் சம்பந்தப்பட்ட இலாகாவிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 35 ஆண்டைத் தாண்டிய வாகனங்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. அதில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட சில நாட்கள்தான் காரைச் சாலையில் எடுக்க முடியும்.

படத்தை மட்டும் பார்த்துக் கடல் கடந்து பணம் அனுப்புவது தவறு. பிரிட்டனில் ஜாகுவார் உரிமையாளர் சங்கங்கள் பல உள்ளன. அவற்றில் பழைய சங்கமான ஜாகுவார் டிரைவர்ஸ் கிளப் 1956இலிருந்து இயங்குகிறது. மார்க் 2வை நன்கறிந்த மெக்கானிக்குகளும் கார் மதிப்பீட்டாளர்களும் கூலிக்குக் காரைப் பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். அந்தக் கூலி, ஒரு பெட்டிச் சட்டத்தை மாற்றும் செலவில் சிறு பங்குதான்.

அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. விற்பவர் அனுப்பும் முப்பது படங்களில் முன்விளக்கு, மரப் பலகை, சிறு மேசை எல்லாம் இருக்கும். காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியை எடுத்த படங்கள் வேண்டும், பட்டை வில் செருகும் இடமும் பனார்ட் தண்டு சேரும் இடமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். நல்ல வேலை செய்தவர் அன்றைக்கே அனுப்பிவிடுவார். அவரிடம் அந்தப் படங்கள் ஏற்கெனவே இருக்கும். தூக்குவதற்குத் தற்போது வசதியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம், அதற்குள் வேறொருவர் முன்பணம் தர வருகிறார் என்று பதில் வந்தால், அந்த வேறொருவரே அதை வாங்கிக்கொள்ளட்டும்.